வேர்க்குழாயில் ஆன்டிபயாடிக் பசை: பெங்களூருவில் பணி தொடங்கும் இளம் பல் மருத்துவருக்கு

பல் மருத்துவம் படித்து முடித்துச் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பெங்களூருவுக்கு வந்து, அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கம் ஏதாவதொரு கிளினிக்கில் சேரும் தம்பி தங்கைகள் முதல் மாதத்திலேயே கேட்பது இது: "மூன்று மாத்திரைகளைப் பொடித்து வேர்க்குழாய்க்குள் வைக்கிறார்களே, அதை எந்த அளவில் கலப்பது?" அளவுக்கு வருவதற்கு முன் எந்தப் பல்லுக்கு அது வேண்டும் என்று பேசியாக வேண்டும். நான் பார்த்தவரை, இந்தப் பசை வேண்டாத பற்களில்தான் அதிகம் வைக்கப்படுகிறது.

வேர்க்குழாய்க்குள் ஆன்டிபயாடிக் வைக்கும் எண்ணம் பழையது. 1951-இல் அமெரிக்காவின் கிராஸ்மேன், பென்சிலின், பாசிட்ராசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றோடு சோடியம் காப்ரிலேட்டும் சேர்ந்த ஒரு பசையைப் பற்றி எழுதினார். பென்சிலின் ஒவ்வாமை பற்றிய அச்சம் அதைப் பின்னுக்குத் தள்ளியது. இன்று நாம் பேசும் சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் கூட்டு, 1996-இல் ஜப்பானின் நீகாதா பல்கலைக்கழகத்தில் ஹோஷினோ, சாட்டோ ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வுகளால் பெயர் பெற்றது. 2001-இல் இவாயா குழுவினர், வேர் முழுதாக வளராத ஒரு கீழ்த்தாடை முன்கடைவாய்ப் பல்லில் முதல் இரண்டு மருந்துகளை மட்டும் வைத்துத் தொற்றை அடக்கினார்கள். அதன்பின் அந்த வேர் மேலும் வளர்ந்தது. 2004-இல் பாங்க்ஸ், ட்ரோப் இருவரும் மூன்று மருந்துகளோடு அதே பாதையில் போனார்கள். பசைக்குப் புகழ் சேர்த்தவை இப்படி வளரும் பற்களே. முப்பத்தைந்து வயது ஐ.டி. ஊழியரின் கடைவாய்ப் பல் அந்தக் கதையில் வரவில்லை.

மூன்று மருந்துகள் ஏன் என்றால், அழுகிய பற்கூழில் (பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்திசுவில்) குடியிருப்பது ஒரே இனமல்ல. காற்றில்லாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்களை மெட்ரோனிடசோல் பார்த்துக்கொள்ளும். கிராம் நெகட்டிவ் வகைகளை சிப்ரோஃப்ளாக்சசின் தாக்கும். இரண்டுக்கும் தப்புகிறவற்றின் பெருக்கத்தை மினோசைக்ளின் தடுக்கும். வாய்வழி மாத்திரை இங்கே பயன்படாததற்குக் காரணம், இறந்த பற்கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து போய்ச் சேர வழியில்லை. "பல்லைத் திறக்க வேண்டாம், அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வருகிறவரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல், முகத்தில் பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை போன்றவை இருந்தால் மாத்திரை தேவைப்படும். அப்போதும் பல்லைத் திறந்து சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட முடியாது.

எந்தப் பல்லுக்கு?

வேர்நுனி மூடிய பெரியவர்களின் பல்லில், இரண்டு அமர்வுகளுக்கு நடுவே மருந்து வைக்க வேண்டியிருந்தால், கால்சியம் ஹைட்ராக்சைடையே முதலில் எடுங்கள். அதன் காரத்தன்மை பி.எச். 12.5 வரை போகும், விலை குறைவு, ஒவ்வாமைத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, ஆன்டிபயாடிக் எதிர்ப்பை வளர்ப்பதுமில்லை. சுத்தம் செய்து கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்த பிறகும் சீழ் வடிவது நிற்கவில்லை என்றால், பசையைத் தேடுவதற்கு முன் விட்டுப்போன குழாய் இருக்கிறதா என்று தேடுங்கள். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்கன்ன வேரில் இரண்டாவது குழாய் ஒன்று பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எந்தப் பசை வைத்தும் பயனில்லை.

பசைக்கு நியாயமான இடம், பற்கூழ் இறந்து, வேர்நுனி இன்னும் திறந்திருக்கும் நிரந்தரப் பல். மேல் முன்பல் ஏழு எட்டு வயதில் முளைத்தாலும் அதன் வேர் முடிவது பத்து வயது வாக்கில். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து பல் உடைந்த மூன்றாம் வகுப்புப் பையனை, ஈறில் கொப்புளம் வந்த பிறகு அழைத்து வருவார்கள். அந்தப் பல்லின் வேர்ச்சுவர் காகித மெலிவில் இருக்கும். நுனி அகலமாகத் திறந்திருப்பதால் வழக்கமான முறையில் நிரப்பவும் முடியாது. தொற்றை அடக்கிவிட்டால் வேர் தொடர்ந்து வளரவும் சுவர் தடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஐரோப்பிய எண்டோடான்டிக் (வேர்க்குழாய் சிகிச்சைத் துறை) சங்கம் 2016-இல் வெளியிட்ட நிலைப்பாடு இங்கும் கால்சியம் ஹைட்ராக்சைடையே பரிந்துரைக்கிறது. அமெரிக்க எண்டோடான்டிக் சங்கம் கால்சியம் ஹைட்ராக்சைடு அல்லது செறிவு குறைந்த பசை என்று இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆகவே இந்தப் பல்லிலும் பசை கட்டாயமில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தும் அடங்காத தொற்றுக்கு நான் பசையை எடுப்பேன்.

திறக்குமுன் கேட்க வேண்டியது

"ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் "அப்படியெல்லாம் இல்லை டாக்டர்" என்றுதான் பதில் வரும். மருந்தின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. வேறு மாதிரி கேளுங்கள்: "அக்கா, வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் வாங்கிக் கொடுத்த மாத்திரைக்குப் பிறகு பையனுக்கு உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம் ஏதாவது வந்ததா?" வயிற்றுப்போக்குக்கு நம் ஊர்களில் தாராளமாகப் புழங்கும் ஆஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் ஆகியவை சிப்ரோஃப்ளாக்சசினின் உறவுகள், ஆர்னிடசோல், டினிடசோல் ஆகியவை மெட்ரோனிடசோலின் உறவுகள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்றும் ஆகாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் பழைய மருந்துச் சீட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். அதுவரை கால்சியம் ஹைட்ராக்சைடு போதும்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டி பேரனை அழைத்து வந்திருந்தால் வரிவரியாகத் தமிழில் சொல்லிவிட்டுப் பெற்றோரைத் தொலைபேசியில் பிடியுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பாவோ அம்மாவோதான். இது மாத்திரையாக விற்கும் மருந்தைக் கிளினிக்கில் கலந்து வைப்பது, பல் நிறம் மாறக்கூடும், பல அமர்வுகள் ஆகும், சில சமயம் பலன் கிடைக்காமலும் போகும் என்ற நான்கையும் சொல்லாமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

முதல் அமர்வு: கழுவுவது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பசை எவ்வளவு வீரியமானதாக இருந்தாலும், சுவரில் படலமாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாவை அது தனியாக அகற்றாது. கழுவி மெலிந்த எச்சத்தின் மீதுதான் அதன் கை ஓங்கும்.

ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைப் பிரித்துவைக்கும் ரப்பர் விரிப்பு) கட்டாயம். பல்லைத் திறந்து, எக்ஸ்ரே வைத்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். வளரும் பல்லில் ஃபைலால் சுரண்டாதீர்கள். மெல்லிய சுவரை மேலும் மெலிய வைப்பீர்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் 1.5 சதவீதம், ஒரு குழாய்க்கு 20 மி.லி., ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். கடையில் 3 சதவீதப் பாட்டில் வாங்கினால் சம அளவு நீர் சேருங்கள். 5 சதவீதமானால் மூன்று பங்குக்கு ஏழு பங்கு நீர். வெயில் படும் சன்னலோரம் வைத்த பாட்டில் மெல்ல வீரியம் இழக்கும், இருண்ட பாட்டிலில் மூடி வையுங்கள். நுனி மூடி, பக்கவாட்டில் துளை உள்ள ஊசியையே பயன்படுத்துங்கள். வேர்நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்தி, ஊசி குழாயில் இறுகாதபடி மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே செலுத்துங்கள். நுனி திறந்த பல்லில் அழுத்திச் செலுத்தினால் கரைசல் எலும்புப் பக்கம் போய், சில நொடிகளில் கடும் வலி, வீக்கம், கன்றிப்போதல் என்று பெரிய விபத்தாகிவிடும். பையன் திடீரென்று துடித்தால் உடனே நிறுத்துங்கள், சலைன் விட்டுக் கழுவுங்கள், மூத்த மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து சலைன் அல்லது 17 சதவீத இ.டி.டி.ஏ. (சுவரின் கனிமப் படிவைக் கரைக்கும் கரைசல்), அதுவும் 20 மி.லி. ஹைப்போகுளோரைட் ஈரம் இருக்கும்போதே குளோர்ஹெக்ஸிடின் விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் பழுப்பு நிறப் படிவு உண்டாகும், பல்லும் கறைபடும். பேப்பர் பாயின்ட்டால் (ஈரம் உறிஞ்சும் மெல்லிய காகிதக் குச்சியால்) உலர்த்துங்கள்.

கலப்பது

மினோசைக்ளினைப் பற்றி முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த அது, பல்லின் கால்சியத்தோடு பிணைந்து சாம்பல் கலந்த கருநிறத்தை உண்டாக்கும். முன்பல்லில் அதை நான் வைப்பதில்லை. சிரித்தால் கறுத்த பல் தெரியும் பிள்ளையின் அம்மாவிடம் "தொற்று போய்விட்டது" என்று சொன்னால் அவருக்கு அது ஆறுதலாகாது. சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் மட்டும் சேர்ந்த இரட்டைப் பசை பெரும்பாலும் போதும். மூன்றாவது வேண்டுமென்றால் மினோசைக்ளினுக்குப் பதிலாகக் கிளிண்டாமைசின் அல்லது செஃபாக்ளோர் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். செஃபாக்ளோர் சேர்ப்பதானால் பென்சிலின் வகை ஒவ்வாமையையும் கேட்டாக வேண்டும்.

மாத்திரையின் மேல் பூச்சை அறுவைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். கேப்சூல் என்றால் திறந்து பொடியை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக, சுத்தமான பீங்கான் கல்வத்தில் மாவாக அரையுங்கள். பொடிகளைக் கலக்காமல், ஒளி புகாத, காற்றுப் புகாத சிறு குப்பிகளில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். குப்பியில் மருந்தின் பெயர், பொடித்த நாள், மாத்திரையின் காலாவதி நாள் ஆகியவற்றை எழுதுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூருவின் ஈரக் காற்று பொடியை நமத்துப்போகச் செய்யும். கட்டியாகிவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

எடையில் ஒரு நுணுக்கம் உண்டு. அட்டையில் 500 மி.கி. என்று இருப்பது மருந்தின் அளவு. பிணைக்கும் மாவையும் சேர்த்தால் மாத்திரையின் எடை அதைவிடக் கூடுதல். பூச்சு நீக்கிய 500 மி.கி. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை உங்கள் தராசில் 650 மி.கி. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மி.கி. மருந்து வேண்டுமானால் 65 மி.கி. பொடி எடுக்க வேண்டும். 400 மி.கி. மெட்ரோனிடசோல் மாத்திரை 600 மி.கி. காட்டினால், 50 மி.கி. மருந்துக்கு 75 மி.கி. பொடி. தயாரிப்பு மாறினால் கணக்கும் மாறும். புது அட்டை வாங்கும்போதெல்லாம் நிறுத்துப் பாருங்கள். மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். அது இல்லாத கிளினிக்கில், தெரிந்த மருந்தாளுநரிடம் நிறுத்துத் தரச் சொல்வது மேல்.

செறிவுதான் பலரும் சறுக்கும் இடம். பொடியில் இரண்டு சொட்டு திரவம் விட்டுக் குழைத்துக் கண்ணளவில் செய்யும் கெட்டிப் பசையில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் மருந்து இருக்கும். வேர்நுனிக்கு அப்பால் உள்ள குருத்தணுக்களை நம்பித்தான் வேர் வளர வேண்டும். அவ்வளவு செறிவில் அந்த அணுக்களும் மாண்டுபோகின்றன என்று 2012-இல் ருபரேல் குழுவினரின் ஆய்வகச் சோதனை காட்டியது. அதன்பின் அமெரிக்கச் சங்கம் முதலில் மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 1 மி.கி. என்றும், பின்னர் 1 முதல் 5 மி.கி. என்றும் அளவு சொன்னது. கெட்டிப் பசையோடு ஒப்பிட்டால் 1 மி.கி. என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே சொன்ன 50 மி.கி. சிப்ரோஃப்ளாக்சசினையும் 50 மி.கி. மெட்ரோனிடசோலையும் 100 மி.லி. மலட்டு நீரில் கலந்தால் அந்த 1 மி.கி. செறிவு வந்துவிடும். பார்த்தால் பசையாகவே தெரியாது, வெறும் தண்ணீராக ஓடும். இதைக் கண்டு பயந்து பொடியைக் கூட்டாதீர்கள். கெட்டித்தன்மை வேண்டுமானால் மெத்தில்செல்லுலோஸ் சேர்த்துக் கூழாக்குங்கள். தேவையான நாளன்று புதிதாகக் கலந்து, மிச்சத்தை அன்றே அப்புறப்படுத்துங்கள். மிஞ்சிய மருந்து 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பைக்குப் போக வேண்டும், கழுவுதொட்டிக்கு அல்ல. ஊசி, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு.

வைப்பதும் மூடுவதும்

சிரிஞ்சில் எடுத்து, ஊசியை வேர்நுனிக்குச் சற்று முன்பு வரை கொண்டுபோய், பின்னோக்கி இழுத்தபடியே நிரப்புங்கள். காற்றுக் குமிழி சிக்காது. ஈறு மட்டத்தில் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டுக்குக் கீழேயே பசை நிற்க வேண்டும். மேலே வழிந்ததை ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள். பின்பல்லில் மினோசைக்ளின் வைத்தே தீர வேண்டும் என்றால், பசைக்கு முன்பே கிரீட (ஈறுக்கு மேலே தெரியும் பகுதி) உட்சுவரில் பாண்டிங் என்னும் ஒட்டுப் பிசினைப் பூசி ஒளியால் இறுக்கிவிடுங்கள். கறையை அது குறைக்கும். முழுதாகத் தடுக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மேலே மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் தற்காலிக அடைப்பு. நான் கிளாஸ் அயனோமர் என்னும் பல் சிமென்ட்டை விரும்புவேன். முறுக்கு கடித்தாலும் தாங்கும்.

அடுத்த அமர்வு ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள். நாள் குறிக்கும் முன், "ஊருக்கு எப்போது போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பொங்கல், கோடை விடுமுறை, குலதெய்வக் கோயில் திருவிழா என்று போனால் வலியில்லாத பல்லை யாரும் நினைப்பதில்லை. பள்ளி திறந்த பிறகுதான் வருவார்கள். அதற்குள் அடைப்பு கசிந்து குழாய் மறுபடி கெட்டிருக்கும். மூன்று மருந்துப் பசை அமிலத்தன்மை கொண்டது என்பதால் நீண்ட நாள் தங்கினால் வேர்ச்சுவரின் கடினமும் குறையும். "அம்மா, வலி நின்றது பாதி வேலைதான். உள்ளே வைத்த மருந்தை நான் எடுத்தாக வேண்டும். இருபது நாளில் வர முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், ஊருக்குப் போய்வந்த பிறகு தொடங்கலாம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சீழும் வீக்கமும் உள்ள பல்லை அப்படித் தள்ளிவைக்க முடியாது. அதைத் திறந்து கழுவிக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து அனுப்புங்கள்.

இரண்டாம் அமர்வு

கொப்புளம், தட்டினால் வலி, சீழ் ஏதாவது மிச்சமிருந்தால் மறுபடி கழுவி மருந்து மாற்றுங்கள். எல்லாம் அடங்கியிருந்தால், ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து சேராத மரப்பு ஊசி போட்டு, ரப்பர் டேம் கட்டி, பசையைக் கழுவி எடுங்கள். கெட்டியாக வைத்த பசை, வேர்ச்சுவரை ஆக்கிய திசுவான டென்டினின் நுண்துளைகளில் இறங்கி, எத்தனை கழுவினாலும் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். செறிவைக் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். கடைசிக் கழுவல் 17 சதவீத இ.டி.டி.ஏ. 20 மி.லி.; டென்டினில் உறங்கும் வளர்ச்சிக் காரணிகளை அது வெளிக்கொண்டுவரும். அதன்பின் ஃபைல் நுனியை வேர்நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் அப்பால் செலுத்தி ரத்தம் வரச் செய்து, அது உறைந்த பின் மேலே எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின் (இரண்டும் ஈரத்திலும் இறுகும் பல் சிமென்ட்டுகள்), அதன் மேல் நிரந்தர அடைப்பு. முன்பல்லில் எம்.டி.ஏ.வும் கறைபடுத்தக்கூடும், பயோடென்டின் மேல். இந்தக் கடைசிக் கட்டத்தை முதல் சில முறை எண்டோடான்டிக்ஸ் முதுநிலை படித்தவர் அருகில் இருக்கும்போதே செய்யுங்கள்.

பால் பல்

பால் கடைவாய்ப் பல்லில் வேர் கரையத் தொடங்கி, அதே சமயம் ஓராண்டு வரை இடத்தைக் காக்க வேண்டியிருந்தால், குழாயைச் சுரண்டாமல் பசையை மட்டும் வைக்கும் முறை ஒன்று உண்டு. இதுவும் நீகாதாவில் பிறந்தது. பற்கூழ் அறையைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒரு மில்லிமீட்டர் அகலம், இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிறு குழி எடுத்துப் பசையை வைத்து, கிளாஸ் அயனோமரால் மூடி, எஃகுத் தொப்பி போடுவது. 2020-இல் வந்த அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாதமியின் வழிகாட்டுதல், பன்னிரண்டு மாதம் வரை காக்க வேண்டிய பல்லுக்கு இதை ஏற்றுக்கொண்டு, டெட்ராசைக்ளின் வகை மருந்தைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லை நினைத்தால் அந்த எச்சரிக்கை சரியே. வேர் கரையாத பால் பல்லுக்கு வழக்கமான முறையில் குழாயைச் சுத்தம் செய்து நிரப்புங்கள்.

பின்தொடர்வது

ஆறு மாதம், பன்னிரண்டு மாதம், இருபத்து நான்கு மாதம். ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் எக்ஸ்ரே. முதலில் வேர்நுனியைச் சுற்றிய கருநிழல் சுருங்க வேண்டும். சுவர் தடிப்பதும் வேர் நீள்வதும் அதற்குப் பிறகு, ஓராண்டு இரண்டாண்டில், சில பற்களில் அறவே இல்லாமலும். நிழல் பெரிதானாலோ கொப்புளம் திரும்பினாலோ பசையை மீண்டும் மீண்டும் வைத்துப் பார்க்காதீர்கள். எம்.டி.ஏ.வால் நுனியை அடைத்து நிரப்பும் வழி இருக்கிறது. செலவு தாங்காத குடும்பமென்றால் விக்டோரியா மருத்துவமனைக்கு அருகே, கோட்டைப் பகுதியில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பலாம்.

பெங்களூருவில் வாடகை உயர்ந்தால் குடும்பங்கள் ஒயிட்ஃபீல்டுக்கோ ஓசூருக்கோ மாறிவிடும். பிள்ளை வேறு மருத்துவரிடம் போய் நிற்கும். எந்த மருந்து, என்ன செறிவு, எந்த நாளில் வைத்தீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்பதை ஓர் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, எக்ஸ்ரே படத்தையும் பெற்றோரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள்.